வெள்ளிக் கரண்டியில் ஒரு வெள்ளை மாநகரம்



தூர தேசம் சென்று திரும்புகிறவர் வெறுங்கையோடு வீடு வருவதில்லை. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போய் வந்த நம் சபராளிகள் கொண்டு வந்த பீங்கான் கோப்பைகள் இன்றும் சில இல்லங்களின் கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் எவரும் தேநீர் அருந்துவதில்லை. விருந்தினர் வந்தால், "இது எங்கள் வாப்பாவின் வாப்பா கப்பலில் கொண்டு வந்தது" என்று எடுத்துக் காட்டுவதற்காகவே அவை பாதுகாக்கப்படுகின்றன.

அமெரிக்க நாட்டு இல்லங்களில் நூறாண்டுகளுக்கு மேலாக இத்தகைய இடத்தைப் பெற்றிருப்பது ஒரு சிறு வெள்ளிக் கரண்டி. வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதும் பருகுவதும் நமக்கு விலக்கப்பட்டவை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அந்நாட்டாரும் இக்கரண்டிகளைப் பெரும்பாலும் உண்பதற்காக வாங்கவில்லை, நினைவுக்காகவே வாங்கினார்கள். எனவே அவற்றை 'நினைவுக் கரண்டி' என்றே நாமும் அழைப்போம். குறிப்பாக, உலகப் பொருட்காட்சிகளுக்காகச் செய்யப்பட்ட கரண்டிகளை இன்றும் பலர் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

ஒரு கரண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

கையளவு வரலாறு

1893-ஆம் ஆண்டு சிகாகோ பொருட்காட்சிக் கரண்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் ஆறு அங்குலத்திற்குள் அடங்கும். காம்பின் உச்சியில் கொலம்பஸின் தலை. அதற்குக் கீழே பாய் விரித்த கப்பல். அதனருகே 1492, 1893 என்னும் ஆண்டுகள். கரண்டியின் குழியில் தங்க முலாம். அந்தப் பொன்னிறப் பரப்பில் குவிமாடம் கொண்ட மாளிகை ஒன்றும் அதன் முன்னே நீர்நிலையும் நுணுக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் காம்பின் பின்புறம் 'ஸ்டெர்லிங்' என்ற சொல். சில கரண்டிகளில், யாரோ ஒருவர் யாருக்கோ அன்பளிப்பாகத் தந்தபோது செதுக்குவித்த பெயரின் முதலெழுத்துகளும் இருக்கும்.

கொடுத்தவரும் இன்று இல்லை, பெற்றவரும் இல்லை. அந்த மாளிகையும் இல்லை. கரண்டி மட்டும் இருக்கிறது.

வழக்கம் பிறந்த வரலாறு

பல நாட்டுப் பொருள்களை ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கும் பெரும் வழக்கம் 1851-இல் இலண்டன் மாநகரின் ஹைட் பூங்காவில் தொடங்கிற்று. இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட 'கிறிஸ்டல் பேலஸ்' மாளிகையை ஐந்தரை மாதங்களில் அறுபது இலட்சம் வருகையாளர் கண்டனர். பின்னர் பிலடெல்பியா, பாரிஸ் எனப் பல நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு பொருட்காட்சிகளை நடத்தின. 1889-இல் பாரிஸ் பொருட்காட்சியின் நுழைவாயிலாக எழுந்ததே ஈபில் கோபுரம்.

அதே 1889-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்து கால்ட் என்னும் நகை வணிக நிறுவனம், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் உருவம் பொறித்த கரண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்து மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் நகைக்கடை நடத்திய டேனியல் லோ என்பவர், ஜெர்மனியில் பயணம் செய்தபோது இத்தகைய கரண்டிகளைக் கண்டு, தம் ஊருக்கென ஒன்றைச் செய்வித்தார். 1891-க்குள் அக்கரண்டியின் புகழ் நாடெங்கும் பரவியது. ஒவ்வொரு ஊர் நகை வணிகரும் தம் ஊருக்கென ஒரு கரண்டி வேண்டுமென்றார். நினைவுக் கரண்டிகளைப் பற்றி மட்டுமே பேசும் நூல் ஒன்று அவ்வாண்டிலேயே பாஸ்டன் நகரில் வெளியாயிற்று என்றால், அந்த மோகத்தின் வேகத்தை நீங்களே உணரலாம்.

சேலம் கரண்டியில் பொறிக்கப்பட்டிருந்த உருவம் எது தெரியுமா? துடைப்பம் ஏந்திய சூனியக்காரக் கிழவி! பக்கத்தில் மூன்று ஊசிகள். இதன் பின்னணி வேடிக்கையானதன்று. 1692-இல் அவ்வூரில் சூனியம் செய்ததாகப் பழி சுமத்தப்பட்டுப் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர்; அவர்களில் பதினால்வர் பெண்கள். வழக்காட மறுத்த முதியவர் ஒருவர் மார்பின் மேல் கற்களை அடுக்கிக் கொல்லப்பட்டார். சூனியக்காரிகள் இவ்வூசிகளால் தம்மைக் குத்தியதாகக் குற்றம் சாட்டியவர்கள் கூறினர். அந்த ஊசிகளின் வடிவந்தான் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கரண்டிக்கு அலங்காரமாயிற்று. அன்று தண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பிய ஒரு பெண்ணின் பெயரிலிருந்த குற்றத்தை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நீக்கியது 2022-ஆம் ஆண்டில்தான். நீதி வந்து சேர முந்நூற்று முப்பது ஆண்டுகளாயின. கரண்டியோ அதற்கு முன்பே வந்து விற்றும் தீர்ந்துவிட்டது.

ஆகவே வாசகர்களே, இக்கரண்டிகளைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். இதில் பொறிக்கப்பட்டிருப்பது என்ன? பொறிக்கப்படாமல் விடப்பட்டது என்ன?

வெள்ளி மலிந்த காலம்

கரண்டி மோகம் 1890-களில் மூண்டதற்குத் தக்க காரணமும் உண்டு. 1859-இல் நெவாடா பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட காம்ஸ்டாக் சுரங்கமும் அதன் பின் திறக்கப்பட்ட பிற சுரங்கங்களும் வெள்ளியை வாரி வழங்கின. விலை சரிந்தது. சரிவைத் தடுக்க, மாதந்தோறும் நாற்பத்தைந்து இலட்சம் அவுன்ஸ் வெள்ளியை அரசே வாங்கும் சட்டத்தை 1890-இல் அமெரிக்கா இயற்றியது. அப்படியும் பயனில்லை. சிகாகோ பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த 1893 ஜூன் மாதத்தில், நம் இந்தியாவின் நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ரூபாயாக அச்சிட்டுத் தரும் வழக்கத்தை ஆங்கில அரசு நிறுத்திற்று. உலகில் வெள்ளியை மிகுதியாக ஏற்றுக்கொண்ட வாயில்களுள் ஒன்று அடைபட்டதும் விலை மேலும் வீழ்ந்தது. 1890-இல் ஒரு டாலருக்கு மேல் விற்ற ஓர் அவுன்ஸ் வெள்ளி, 1894-இல் அறுபத்தைந்து சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இயந்திரமும் துணை நின்றது. பழங்காலத் தட்டான் ஒவ்வொரு கரண்டியாக அடித்து உருவாக்கினான். ஆலையிலோ, கைதேர்ந்த செதுக்குநர் ஒருவர் எஃகு அச்சில் உருவத்தைக் குழிவாக ஒருமுறை வெட்டிவிட்டால் போதும். வெள்ளித் தகட்டிலிருந்து கரண்டி வடிவில் துண்டு வெட்டி, மேலும் கீழுமாக இரு அச்சுகளுக்கு நடுவே வைத்து, உயரத்திலிருந்து விழும் கனமான சம்மட்டி இயந்திரத்தால் அடிப்பார்கள். முகமும் எழுத்தும் பூவேலையும் ஒருங்கே பதிந்துவிடும். பிறகு ஓரத்தை அராவி, குழியை வளைத்து, மெருகேற்றி, மின்சார முறையில் தங்க முலாம் பூசுவார்கள்.

இதில் ஒரு வணிகச் சூட்சுமமும் இருந்தது. காம்பின் அச்சு ஒன்றே. குழியில் செதுக்கும் படம் மட்டும் மாறும். கொலம்பஸ் தலை கொண்ட ஒரே காம்போடு, ஒன்றில் நிர்வாக மாளிகை, மற்றொன்றில் மகளிர் மண்டபம், வேறொன்றில் மீன்வள மண்டபம் என்று வகைவகையாக விற்கலாம். வாங்கியவர் ஒன்றோடு நிற்பாரா? முழு வரிசையும் வேண்டுமென்று தோன்றும் அல்லவா?

எரிந்த நகரம், எஞ்சிய கரண்டி

கொலம்பஸ் அமெரிக்கா சென்றடைந்த நானூறாம் ஆண்டை முன்னிட்டே சிகாகோ பொருட்காட்சி நடந்தது. 1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை, இரண்டு கோடியே எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அன்றைய அமெரிக்காவின் மக்கள் தொகை ஆறு கோடியே சொச்சந்தான் என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். ஏரிக்கரையில் எழுந்த மாளிகைகள் வெண்ணிறமாய் மின்னின. இரவில் மின்விளக்குகளால் ஒளிர்ந்தன. மக்கள் அதனை 'வெள்ளை நகரம்' என்றே அழைத்தனர். பொறியாளர் பெர்ரிஸ் அமைத்த 264 அடி உயர இராட்சதச் சக்கரத்தில் ஒரே நேரத்தில் 2,160 பேர் ஏறலாம். கெய்ரோ வீதி என்று ஒரு தெருவையே மாதிரியாகக் கட்டி, அதில் பள்ளிவாசலும் கடைவீதியும் அமைத்திருந்தனர். மகளிர் மண்டபத்தை வடிவமைத்தவர் சோபியா ஹேடன் என்னும் பெண்மணி. அப்பணிக்குத் தேர்வானபோது அவருக்கு வயது சுமார் இருபத்தொன்றுதான்.

ஆனால் அந்த மாளிகைகள் பளிங்கினால் ஆனவை அல்ல. மரச் சட்டங்களின் மேல் சாந்தும் நாரும் கலந்து பூசி, வெள்ளை வர்ணம் அடித்திருந்தார்கள். ஆறு மாதம் நின்றால் போதும் என்பதே கணக்கு. அந்த ஆறு மாதமும் இனிதாக முடியவில்லை. பொருட்காட்சி திறந்த சில நாள்களிலேயே நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி மூண்டு, ஏறத்தாழ ஐந்நூறு வங்கிகள் கதவடைத்தன. நிறைவு விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, சிகாகோ மேயர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விழாக் கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன. 1894 ஜனவரியிலும் ஜூலையிலும் நேர்ந்த தீ விபத்துகளில் வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. உறுதியாகக் கட்டப்பட்ட கலை மாளிகை மட்டும் தப்பியது. அது பின்னர் கல்லால் புதுப்பிக்கப்பட்டு, இன்று அறிவியல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மாளிகைகளைக் கட்டியவர்களுக்குத் தங்கள் கட்டடம் நிலைக்காது என்று தெரியும். ஆனால் அவற்றின் உருவத்தைச் சுமந்த சிறு கரண்டி நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்குமென்று அவர்களில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

இப்போது நம் இரண்டாம் கேள்விக்கு வருவோம். கரண்டியில் இல்லாதவர் யார்? கறுப்பின அமெரிக்க மக்கள். பொருட்காட்சியின் நிர்வாகத்திலும் காட்சிகளிலும் அவர்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை. அடிமையாய்ப் பிறந்து நாடறிந்த தலைவராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ், தம் சொந்த நாட்டின் மண்டபத்தில் இடமின்றி, ஹைட்டி நாட்டு மண்டபத்தின் பிரதிநிதியாகவே அங்கு அமர்ந்திருந்தார். பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் அம்மையாரும் அவரும் பிறரும் சேர்ந்து, தம் மக்கள் ஏன் விலக்கப்பட்டனர் என்பதை விளக்கும் சிறுநூலை எழுதினர். வந்தவர்களுக்கெல்லாம் வெல்ஸ் அதை வழங்கினார். காகிதத்தில் அச்சான அச்சிறுநூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. வெள்ளியில் அச்சான வரலாற்றின் விடுபட்ட பக்கம் அதுவே.

பிற நகரங்களின் கரண்டிகள்

1901-இல் பபலோ நகரில் நடந்த பொருட்காட்சிக் கரண்டிகளில் காட்டெருமைத் தலையும், நயாகரா நீர்வீழ்ச்சியும், மின்சாரக் கோபுரமும் காணப்படும். சிலவற்றின் குழியில் 'இசை மாளிகை' பொறிக்கப்பட்டிருக்கும். அந்த மாளிகையில்தான் செப்டம்பர் 6 அன்று, மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டார். எட்டு நாளில் மறைந்தார். நயாகரா மின்சாரத்தால் பல்லாயிரம் விளக்குகள் எரிந்த அந்தப் பொருட்காட்சியின் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்குப் போதிய வெளிச்சம் இல்லை. சாயும் சூரியனின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. மகிழ்ச்சிக்காக வாங்கிய கரண்டி, ஒரே நாளில் துக்கத்தின் நினைவுச் சின்னமாயிற்று.

1904-இல் செயிண்ட் லூயிஸ் நகரப் பொருட்காட்சிக்கு ஏறத்தாழ இரண்டு கோடி வருகையாளர். அதன் கரண்டிகளில் விழா மண்டபமும் அதன் முன் படிப்படியாய் இறங்கும் அருவிகளும் மிக அழகு. லூசியானா நிலப்பரப்பை விற்ற நெப்போலியனும் வாங்கிய ஜெபர்சனும் சில கரண்டிகளில் இடம்பெற்றனர். ஆனால் அதே வளாகத்தில், அமெரிக்கா அப்போதுதான் போரிட்டுக் கைக்கொண்ட பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொண்டு வந்து, குடிசை அமைத்துக் கொடுத்து, காட்சிப் பொருளாக்கியிருந்தார்கள். காங்கோ நாட்டிலிருந்து கொண்டு வரப்பட்ட ஓட்டா பெங்கா என்னும் இளைஞர், அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டதோடு நில்லாமல், 1906-இல் நியூயார்க்கின் விலங்குக் காட்சிசாலையில் குரங்குகளின் கூடத்தில் வைக்கப்பட்டார். 1916-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அச்செயலுக்காக அந்தக் காட்சிசாலையின் நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது 2020-ஆம் ஆண்டில்.

விழா மண்டபத்தை எஃகு அச்சில் வெட்டிய அந்தக் கைதேர்ந்த செதுக்குநர் மீது நமக்குக் குறையில்லை. வாங்குகிறவர் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவாரோ அதையே விற்கிறவர் பொறிப்பார். இது எந்நாட்டுக்கும் பொருந்தும் உண்மை.

பின்னாளில் வெள்ளிக் கரண்டியின் இடத்தை வெள்ளி முலாம் பூசிய மலிவான கரண்டி பிடித்துக்கொண்டது. 1933-இல் சிகாகோவில் மீண்டும் நடந்த 'நூற்றாண்டு முன்னேற்றம்' பொருட்காட்சிக்குப் பெரும்பாலும் அத்தகையவையே. 1939-இல் நியூயார்க் பொருட்காட்சி 'நாளைய உலகம்' என்னும் முழக்கத்தோடு திறக்கப்பட்டது. ஊசி போன்ற கோபுரமும் உருண்டை மாளிகையும் அதன் சின்னங்கள். கரண்டிகளிலும் அவையே இடம்பெற்றன. அவ்வாண்டு செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. பொருட்காட்சி முடிந்ததும் அந்தக் கோபுரத்தின் எஃகும் உருண்டையின் எஃகும் பிரிக்கப்பட்டுப் போர்த் தளவாடங்களுக்குச் சென்றன. நாளைய உலகம் என்று காட்டப்பட்டது, கரண்டியில் மட்டும் போர்க்கறை படாமல் தங்கியது.

அறிந்து வாங்குவது எப்படி?

சேகரிப்பில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கும், பழைய வெள்ளிச் சாமான்கள் உள்ள இல்லத்தரசியருக்கும் சில குறிப்புகள்.

'ஸ்டெர்லிங்' என்றிருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஜெர்மனி முதலிய நாடுகளின் பழம்பொருள்களில் 800 என்ற எண் இருக்கும். அது ஆயிரத்தில் 800 பங்கைக் குறிக்கும். பிரிட்டனில் வெள்ளியை அதிகாரபூர்வமாகச் சோதித்து முத்திரையிடும் முறை பல நூற்றாண்டுகளாக உண்டு. நடக்கும் சிங்க முத்திரை அதற்கு அடையாளம். அமெரிக்காவில் அத்தகைய அரசு முத்திரை இல்லை. செய்தவரின் சொல்லே சாட்சி. அதனால்தான் பொய் முத்திரையைத் தடுக்க 1906-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். அமெரிக்கக் கரண்டியில் சிங்கம், நங்கூரம், 'ஜி' என்னும் எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாக இருந்தால் அது கோரம் நிறுவனத்தின் அடையாளமேயன்றி ஆங்கில அரசின் முத்திரையன்று.

'பிளேட்', 'ஏ-1', 'ஈ.பி.என்.எஸ்.' என்ற குறிகள் இருப்பின் அது முலாம் மட்டுமே. ஜெர்மன் சில்வர் எனப்படுவதில் வெள்ளி அறவே இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. 1893-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பொருட்காட்சி மாளிகைகள் பொறித்த முலாம் பூசிய ஆறு கரண்டிகளை ஒரு டாலருக்கும் குறைவாகத் தபாலில் அனுப்புவதாகப் பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன. அவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பழமையானது என்பதற்காகவே எதுவும் அரியதாகிவிடாது.

அச்சு கூர்மையாக இருக்கிறதா, தங்க முலாம் தேயாமல் இருக்கிறதா, பெயரைச் சுரண்டி அழித்ததால் குழி மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். கந்தகக் காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். அதைப் போக்கப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும் நம் வழக்கம் இக்கரண்டிகளுக்கு ஆகாது. முலாமும் நுண்ணிய வேலைப்பாடும் போய்விடும். மென்மையான துணியால் துடைத்து, இரப்பர் படாமல் வைத்தால் போதும். பள்ளங்களில் தங்கிய கருமை அப்படியே இருக்கட்டும். அதனால்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது.

இன்னொன்று. வீட்டிலுள்ள பழைய வெள்ளியை எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவது நம்மிடையே பரவலான வழக்கம். உருக்கும் முன் ஒருமுறை பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். யாருடைய பெயர், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று படியுங்கள். எடைக்கு உள்ள விலை நாளையும் கிடைக்கும். உருகிப்போன எழுத்து மீண்டும் கிடைக்காது.

உங்கள் சிந்தனைக்கு

உலகப் பொருட்காட்சிகள் இன்னும் நின்றுவிடவில்லை. 2025-இலும் ஜப்பானின் ஒசாகா நகரில் ஒன்று நடந்து முடிந்தது. மாளிகைகள் எழும், மக்கள் கூடுவர், நினைவுப் பொருள்கள் விற்கும், பிறகு அனைத்தும் கலைந்து போகும்.

நினைவுப் பொருளைப் பாதுகாப்பது நல்ல பண்புதான். அதனோடு அதன் முழுக் கதையையும் பாதுகாக்க வேண்டும். சிகாகோ கரண்டியை வைத்திருப்பவர் தம் பிள்ளைக்குக் கொலம்பஸையும் வெள்ளை மாளிகைகளையும் காட்டட்டும். ஹைட்டி மண்டபத்தில் அமர்ந்திருந்த முதியவர் டக்ளஸைப் பற்றியும் சொல்லட்டும். செயிண்ட் லூயிஸ் கரண்டியின் அருவிகளைக் காட்டுபவர் ஓட்டா பெங்காவின் பெயரையும் உச்சரிக்கட்டும். நம் அலமாரிகளில் உள்ள சபராளிகளின் பீங்கான் கோப்பைகளும் அவ்வாறே. அதைக் கொண்டு வந்தவரின் பெருமையைச் சொல்லும் நாம், அவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வீட்டில் தனித்திருந்து பிள்ளைகளை வளர்த்தவரைப் பற்றியும் சொல்கிறோமா?

கோப்பையில் அவருடைய பெயர் பொறிக்கப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.